சகலை செய்த கம்ப்யூட்டர்

என் மாமனார் வீட்டில் நான்தான் கம்ப்யூட்டர் மாப்பிள்ளையாக இருந்தேன். அந்த ‘இருந்தேன்’ என்ற சொல்லை எழுதுவதற்குள் ஒரு பெருமூச்சு வந்துவிட்டது.

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் எனக்கு ஒரு டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, காதுகுத்து பிளக்ஸ், கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ். மாமனாருக்குச் சித்தூரில் வெல்ல மண்டி. எனக்குக் கல்யாணமான புதிதில் அந்த வீட்டில் கரண்ட் ஓடுகிற எந்தப் பொருள் மக்கர் செய்தாலும் எனக்குத்தான் போன் வரும். கம்ப்யூட்டர், பிரிண்டர், டிவி ரிமோட், ஒரு தடவை மிக்ஸி. மிக்ஸிக்கும் டிடிபிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டதே இல்லை. பஸ் ஏறிப் போய், ஜாடியைக் கழற்றி மறுபடி மாட்டிவிட்டு, இட்லி சாப்பிட்டுவிட்டு வருவேன். “எங்க கம்ப்யூட்டர் மாப்ள வந்துக்கினு கீறாரு” என்று மாமியார் பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொல்வது சுவர் தாண்டிக் கேட்கும். அந்த ஒரு சத்தத்துக்காக நான் கிரைண்டர் கல்லைக்கூடக் கொத்திக் கொடுத்திருப்பேன்.

அப்புறம் மச்சினிச்சிக்குக் கல்யாணம் ஆயிற்று.

மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் குடிபாலா, வேலை பெங்களூரில். என்ன வேலை தம்பி என்று கேட்டபோது “டிசைன் ண்ணா” என்றான். அட, நம்ம தொழில் என்று எனக்குக் குளிர்ந்துவிட்டது. பத்திரிகையா, பிளக்ஸா என்று கேட்டேன். சிரித்தான். “கம்ப்யூட்டர் போட்டா ஸ்க்ரீன்ல வரும்ல ண்ணா, மெனு, பட்டன், பெட்டி, அதெல்லாம். அந்த ஆபரேட்டிங் சிஸ்டம் பண்ற டீம்ல கீறேன்.”

அதாவது, காலையில் ஊதுவத்தி ஏற்றியதிலிருந்து ஷட்டர் இறக்கும்வரை நான் எந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனோ, அந்த முகத்துக்குப் பவுடர் போடுகிறவன் என் சகலை.

நேரில் அவரை வாங்க, போங்க என்றுதான் பேசுவேன். எழுதும்போது மட்டும் ‘அவன்’. இந்தச் சின்ன சுகத்தையாவது என்னிடமிருந்து பிடுங்காதீர்கள்.

தாலி ஏறின அன்றே பட்டம் இடம் மாறிவிட்டது. “சின்ன மாப்ள கம்ப்யூட்டரயே செய்றாராம்” என்று மாமியார் சுவர் தாண்டிச் சொன்னார். “அப்போ பெரிய அல்லுடு காரு?” என்று அந்த அம்மாள் பெரிய மாப்பிள்ளையைப் பற்றித் தெலுங்கில் பாதியும் தமிழில் பாதியுமாகக் கேட்டார். “அவரு கடை வெச்சிக்கினு கீறாரு” என்று பதில் வந்தது. வெற்றிலைப் பாக்குக் கடை என்று நினைத்திருப்பார்கள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு புதுப் பார்வை வந்தது. அதுவரை அந்தத் திரையில் நான் ஒரு குறையும் கண்டதில்லை. இப்போது எங்கே பார்த்தாலும் குறை. பெட்டிகளுக்கு மூலைகள் இருக்கின்றன அல்லவா? புதிதாகச் செய்த பெட்டிக்கு மூலை வழவழவென்று உருண்டை. அதற்குள்ளே ஒன்றை அமுக்கி, இன்னொன்றை அமுக்கி, கொஞ்சம் ஆழமாகப் போனால் திடீரென்று கூர்மூலை வைத்த பழங்காலத்துப் பெட்டி வந்து நிற்கும். வாசலுக்கு டைல்ஸ் போட்டுவிட்டுக் கொல்லைப்புறத்தைப் பாசியோடு விட்ட வீடு மாதிரி. கண்ணுக்கு இதமாக எல்லாவற்றையும் கறுப்பாக்கி வைத்தால், ஏதோ ஒரு கேள்வி கேட்க மட்டும் பளீரென்று வெள்ளைப் பெட்டி ஒன்று குதிக்கும். சினிமா தியேட்டரில் நடுவில் டியூப்லைட் போட்டதுபோல. எந்தப் பெட்டி முன்னால் இருக்கிறது, எது பின்னால் என்று தெரியாது, எல்லாவற்றுக்கும் ஒரே வெளுத்த தலை. நான் மணமகன் பெயரைப் பிளக்ஸில் அடிப்பதாக நினைத்துக்கொண்டு கரண்ட் பில் கட்டுகிற பெட்டியில் அடித்திருக்கிறேன். உருட்டுகிற பட்டையோ, மாமியாரைக் கண்ட மருமகள் மாதிரி, பக்கத்தில் போனால்தான் தலை நீட்டும்.

ஒவ்வொன்றைக் கண்டுபிடிக்கும்போதும் எனக்கு வயிறு குளிர்ந்தது. ஐகான் என்கிற அந்த முத்திரைப் படங்களில் ஒன்று வட்டத்துக்குள் நடுவில் உட்காராமல் மயிரிழை இடப்பக்கம் ஒதுங்கியிருந்ததைப் பார்த்த நாள் எனக்கு விருந்து. கடையை விட்டு ஓடிப்போய் டீ சொல்லிவிட்டு வந்தேன்.

மனைவியிடம் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

“இன்னா தெரிது?”

“நடுவுல இல்ல பாரு!”

“எல்லாம் நடுவுலதான் கீது. உங்க மனசுதான் ஒரு பக்கமா கீது.”

என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவளுக்கு அளவு தெரியும் என்பதுதான் என்னை உறுத்தியது.

தலை தீபாவளி வந்தது. எனக்கு இல்லை, அவனுக்கு. மாமனார் அதற்காகவே வீட்டுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார் என்று செய்தி வந்தது. “சின்ன மாப்ள செஞ்ச மெசின் நம்ப ஊட்ல இல்லன்னா எப்டி?” என்றாராம். என் கல்யாணத்துக்கு அப்புறம் அவர் ஒரு கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ்கூட என்னிடம் அடித்ததில்லை. யாரும் சாகவில்லை என்பது வேறு விஷயம்.

தீபாவளிக்கு முந்தின நாள் பஸ்ஸில் சந்திரகிரி தாண்டுவதற்குள்ளேயே நான் பேச்சை ஒத்திகை பார்க்க ஆரம்பித்துவிட்டேன். உருண்டை மூலையில் தொடங்கி, கூர்மூலைக்குப் போய், வெள்ளைப் பெட்டியில் கைதட்டல் வாங்கி, கடைசியில் நகர்ந்த முத்திரையில் முடிப்பதாகத் திட்டம். எல்லோர் முன்னாலும் மாமனார் சொல்ல வேண்டும்: ‘அட, பெரிய மாப்ளைக்கு இவ்ளோ தெரியுமா!’ அந்த ஒரு வாக்கியம் போதும்.

“இன்னா தனியா பேசிக்கினு வரீங்க?” என்றாள் மனைவி.

“பாட்டு” என்றேன்.

மறுநாள் காலை, எண்ணெய்க் குளியல் முடிந்து, புதுத் துணி உடுத்தி எல்லோரும் கூடத்தில் இருந்தோம். மேசைமேல் கம்ப்யூட்டருக்கு மல்லிகைச் சரம். மானிட்டர் மட்டும் மண்டியிலிருந்து கொண்டுவந்த பழைய குட்டை மானிட்டர். நல்லாத்தானே கீது என்று மாமனார் அதை விடவில்லை. அதன் நெற்றியில் மாமியார் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்திருந்தார். அச்சு அசலாக நடுவில். அந்தத் திரையில் நடுவில் இருந்த ஒரே பொருள் அதுதான் என்று எனக்கு ஒரு நகைச்சுவை தோன்றியது. சேமித்துக்கொண்டேன்.

மாமனார் பேசுவது தமிழ், படித்தது தெலுங்கு மீடியம். ஆகவே அவருக்காகத் திரையைத் தெலுங்கில் வைத்திருந்தார்கள். “எழுத்து பொடிசா கீது மாப்ள, கொஞ்சம் பெருசு பண்ணுங்க” என்றார். சகலை எழுந்திருப்பதற்குள் நான் பாய்ந்துபோய் எழுத்தைப் பெரிதாக்கினேன். நாற்காலியில் உட்கார்ந்த சூட்டோடு பிரசங்கத்தையும் தொடங்கிவிட்டேன்.

“இங்க பாருங்க மாமா, இந்த மூலை உருண்டை. இப்ப இத அமுக்கறேன்... பாத்தீங்களா, இது கூரு!”

“ஆமா” என்றார் மாமனார். “அதுக்கு இன்னா?”

“ஒரே ஊட்டுக்குள்ள ரெண்டு மாதிரி இருக்கலாமா?”

“நம்ப ஊட்ல கூடத்துக்கு ஒரு கதவு, சமையக்கட்டுக்கு ஒரு கதவு கீதே.”

வெள்ளைப் பெட்டியைக் காட்டினேன். “வெளிச்சமா கீது, நல்லாத்தான் கீது” என்றார் மாமியார். நகர்ந்த முத்திரையைக் காட்டியபோது எல்லோரும் திரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்கள். பிறகு மாமியார் நிமிர்ந்து, என் மனைவியிடம், எனக்குக் கேட்காது என்று நினைத்த குரலில், “ஏம்மா, மாப்ளைக்குக் கண்ணு டெஸ்ட் பண்ணியா?” என்றார்.

என் மனைவி கூரையைப் பார்த்தாள்.

அப்போதுதான் பின்னாலிருந்து, “ண்ணா” என்று குரல் வந்தது. சகலை எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே மண்டியிட்டு உட்கார்ந்தான், பட்டு வேட்டி கசங்குவதைப் பற்றிக் கவலைப்படாமல்.

“இத எப்டி ண்ணா பாத்தீங்க? இது நகந்துக்கினு கீதுன்னு ஆபீஸ்ல எத்தினி தபா சொல்லிட்டேன், ஒருத்தனுக்கும் கண்ணுல படல. எனக்குத்தான் இன்னாமோ ஆயிடுச்சின்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

அவன் கண்கள் மின்னின. கூர்மூலை வேறு டீம், உருண்டை மூலை வேறு டீம், இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை என்றான். அந்த வெள்ளைப் பெட்டியைச் செய்தவர் ரிட்டையர் ஆகிவிட்டார், தொட எல்லோருக்கும் பயம் என்றான். கல்யாணமானதிலிருந்து இந்த வீட்டில் யாரிடமும் தன் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடியவில்லை, நீங்கள்தான் முதல் ஆள் என்றான்.

நான் கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்திருக்கிறேன், அவன் கழுத்தைக் காட்டி, நல்ல கத்தி ண்ணா என்கிறான். ஒருத்தன் இவ்வளவு நல்லவனாக இருந்தால் அவன்மேல் பொறாமைப்படுவது எத்தனை கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். நான் சமாளித்துப் பொறாமைப்பட்டேன்.

இன்னும் என்ன கண்டீர்கள் என்று கேட்டான். நான் கைவசம் வைத்திருந்த எல்லாவற்றையும் கொட்டியாகிவிட்டது. கெத்தை விடக் கூடாதே என்று திரையை மேய்ந்தேன். கீழே இடது மூலையை அமுக்கினால் எழும்பி வருகிற நீள மெனுவில் தெலுங்கு எழுத்துகள் வரிசையாக நின்றன. தெலுங்கில் ஒரு எழுத்தின் காலடியில் இன்னொரு எழுத்து குட்டியாகத் தொங்கும். அந்தக் குட்டிகளுக்கெல்லாம் பாதி உடம்பைக் காணவில்லை. ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்த வரி. தெலுங்கு உள்ளே போனால் காலை வெட்டித்தான் படுக்க வைக்க முடியும்.

பத்திரிகை அடிக்கிறவனுக்கு இது தினப்பாடு. நம் பக்கத்துப் பத்திரிகையில் ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் தெலுங்கு. தெலுங்குப் பக்கத்துக்கு வரிக்கு வரி கொஞ்சம் கூடுதல் இடம் விடாவிட்டால் மாப்பிள்ளையின் அப்பா சண்டைக்கு வருவார்.

“எழுத்துக்குக் கால் வெட்டிட்டீங்களே தம்பி” என்றேன், பெரிய மனிதத் தோரணையில். “ஒவ்வொரு வரிக்கும் கீழ ஒரு வெரக்கட இடம் விடணும். அவ்ளோதான் வேல.”

சகலை கைபேசியை எடுத்துத் திரையைப் படம் பிடித்தான். “சொல்றேன் ண்ணா. கண்டிப்பா சொல்றேன்.”

நான் எதிர்பார்த்த வாக்கியத்துக்காக மாமனாரின் முகத்தைப் பார்த்தேன். அவர் நெகிழ்ந்துதான் இருந்தார். “பாத்தியா” என்றார் மாமியாரிடம். “பெரிய மாப்ள காலங்காத்தால குத்தம் சொல்லிக்கினே கீறாரு. சின்ன மாப்ள மூஞ்சி சுளிச்சாரா? கீழ குந்திக்கினு கேக்கறாரு. இன்னா கொணம்!”

முதல் இலை அவனுக்குப் போட்டார்கள். தலை தீபாவளி, முறை அதுதான், ஒத்துக்கொள்கிறேன். அதிரசம் அவன் இலையில் ஒன்றன்மேல் ஒன்றாக நேராக நின்றது. என் இலையில் சாம்பார்ப் பக்கமாகச் சரிந்திருந்தது. அதையும் நான்தான் கவனித்தேன்.

பொங்கல் போய், சிவராத்திரி போய், வெயில் ஆரம்பித்தபோது கம்ப்யூட்டருக்கு ஒரு அப்டேட் வந்தது. அன்று மாமனார் ஊரில் உள்ள எல்லோருக்கும் போன் போட்டிருக்கிறார். எங்கள் வீட்டுக்கும் வந்தது. மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

“சின்ன மாப்ள எழுத்துக்கு எல்லாம் கால் வெச்சிட்டாரும்மா! முழுசா தெரிது! நானு கண்ணாடி இல்லாம படிக்கறேன்!”

கடைக்குப் போய், யாருக்கும் தெரியாமல் என் கம்ப்யூட்டரைத் தெலுங்குக்கு மாற்றிப் பார்த்தேன். உண்மைதான். குட்டி எழுத்துகள் எல்லாம் காலை நீட்டி நிம்மதியாக உட்கார்ந்திருந்தன. அழகாக இருந்தது. அழகாக இருந்ததுதான் எரிச்சல். நான் சொன்ன விரற்கடை, உலகத்தில் தெலுங்கு படிக்கிற அத்தனை பேர் திரையிலும் இப்போது இருக்கிறது, என் பெயர் மட்டும் இல்லை.

“அது நான் சொன்னதும்மா” என்றேன் மனைவியிடம், சாயந்திரம்.

“அன்னிக்கி நீங்க ஆயிரம் சொன்னீங்க” என்று விடைத்தாளைத் திருத்திக்கொண்டே சொன்னாள்.

“அதுல இதுவும் ஒண்ணு.”

“சரி.” அந்தச் ‘சரி’யில் அவள் போட்ட மதிப்பெண் எனக்குத் தெரிந்தது.

சில நாள் கழித்து, மதிய நேரத்தில், மாமனாரிடமிருந்து போன். மனைவிக்கு இல்லை, எனக்கு. எத்தனை காலத்துக்கு அப்புறம்! குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“மாப்ள, யார்கிட்டயும் சொல்லாதீங்க. கம்ப்யூட்டர ஆஃப் பண்ற எடத்தக் காணோம்.”

“காணோம்னா?”

“முன்ன அந்த மெனுல அடில இருந்துச்சி. இப்ப இல்ல. ஆஃப் பண்ண முடில. தெனம் செவுத்துல சுச்ச அமுத்திட்டு, கண்ணுல ஒத்திக்கினு போய்ப் படுக்கறேன்.”

“தம்பிகிட்ட கேக்கலையா மாமா?” என்றேன். வெல்லம் மாதிரி இனித்தது அந்தக் கேள்வி.

“அவரு செஞ்சதுல கொறன்னா மனசு கஷ்டப்படுவாரு. நீங்கன்னா பரவால்ல.”

கடைசி வாக்கியத்தை நான் கேட்காததுபோல விட்டுவிட்டு, அரைகுறையாக நின்ற பத்திரிகையை அப்படியே விட்டுவிட்டு, சித்தூர் பஸ் ஏறினேன். அவ்வளவு சந்தோஷமான பஸ் பயணம் என் வாழ்க்கையில் கிடையாது. சகலையின் கையால் ஒரு குறை, சரி செய்ய நான். பழைய பட்டம் சுவர் தாண்டி ஒலிப்பது எனக்குக் காட்பாடி ரோடு திரும்புவதற்குள்ளேயே கேட்டுவிட்டது.

நாற்காலியில் உட்கார்ந்து, மெனுவைத் திறந்தேன். பார்த்ததும் புரிந்தது. புரிந்ததும் வியர்த்தது.

வரிக்கு வரி கீழே இடம் விட்டிருந்தார்கள். ஒவ்வொரு வரியும் கொஞ்சம் உயர்ந்தது. உயர்ந்த வரிகள் சேர்ந்து மெனு நீண்டது. மாமனாருடையதோ குட்டை மானிட்டர், அதில் எழுத்து வேறு பெரிசு, அதைப் பெரிசாக்கியவன் நான். ஆகவே கடைசி வரி திரைக்கு அடியில் இறங்கிப் போய்விட்டது. அந்தக் கடைசி வரிதான் ஆஃப். உருட்டினால் மேலே வரும். ஆனால் உருட்டலாம் என்று சொல்ல வேண்டிய பட்டை, வழக்கம்போல ஒளிந்துகொண்டிருந்தது.

என் விரற்கடை. எழுத்துக்குக் கால் வைக்கச் சொன்னேன், எல்லாக் காலும் சேர்ந்து கம்ப்யூட்டரின் ஆஃபை உதைத்துக் கீழே தள்ளிவிட்டது.

சக்கரத்தை லேசாக உருட்டினேன். கடைசி வரி எழும்பி வந்தது. எழுத்தை ஒரு படி குறைத்தேன். எல்லாம் திரைக்குள் அடங்கியது.

“வந்துடுச்சி!” என்றார் மாமனார். “ஏய், மாப்ளைக்குக் காபி போடு! கையி வெச்சதும் வந்துடுச்சி பாரு!”

மாமியார் காபியோடு வந்தார். பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தேன். அந்த அம்மாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். எல்லாம் கூடி வந்தது.

“யாரு மாப்ள இப்டிப் பண்ணது?” என்று மாமனார் கேட்டார்.

தம்பிதான் மாமா என்று சொல்ல வாய் திறந்தேன். பாதி திறந்திருக்கும்போதே அவர் கைபேசி அடித்தது. மச்சினிச்சி. பஸ்ஸிலிருந்து போன் செய்து நான் பீற்றிக்கொண்டதை என் மனைவி அவளிடம் சொல்லியிருக்கிறாள், எதற்காக வந்தேன் என்பது உட்பட. ஸ்பீக்கரில் சகலையின் குரல் வந்தது.

“ண்ணா, சாரி ண்ணா. இங்கயும் கம்ப்ளெய்ன்ட் வந்துக்கினே கீது. நீங்க சொன்னது கரெக்ட்டு, கால் வெக்க எடம் விட்டது கரெக்ட்டு. மீட்டிங்லயே எங்க அண்ணன் சொன்னாருன்னுதான் சொன்னேன். சின்ன ஸ்க்ரீன்ல கடசி வரி உள்ள போயிடும்னு நாந்தான் பாக்கல. தப்பு என்னுது.”

“இல்ல தம்பி, அது நான்...” என்று ஆரம்பித்தேன்.

“உங்க மேல ஒண்ணும் இல்ல ண்ணா. மாமா, பெரியண்ணன ஒண்ணும் சொல்லாதீங்க.”

மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “தப்ப ஒத்துக்கறதுக்கு எவ்ளோ பெரிய மனசு வேணும்!” என்றார். “ஒலகத்துக்கே செய்றாரு, ஒண்ணு ரெண்டு இப்டி ஆவத்தான் ஆவும்.” மாமியார் சுவர்ப் பக்கம் போய், “எங்க சின்ன மாப்ள போன் பண்ணாரு” என்று தொடங்கினார். எனக்குப் போட்ட காபி ஆறிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு தடவை, “பெரியவரும் வந்து கீறாரு” என்பது காதில் விழுந்தது.

திருப்பதிக்குத் திரும்பினேன். இன்றைக்கும் என் கடைக் கம்ப்யூட்டர் தெலுங்கில்தான் இருக்கிறது, எழுத்தையும் கடைசி வரி ஒளிகிற அளவுக்குப் பெரிசாக்கி வைத்திருக்கிறேன். அவர்கள் இன்னும் அதைச் சரி செய்யவில்லை. சாயந்திரம் ஷட்டர் இறக்குமுன் மெனுவைத் திறந்து, சக்கரத்தை உருட்டி, கீழே ஒளிந்திருக்கும் என் வரியை மேலே கொண்டுவருவேன். எத்தனை ஊர்களில் எத்தனை பேர் இதே நேரத்தில் ஆஃப் எங்கே என்று தேடிக்கொண்டு, இதைச் செய்தவனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்ப்பேன். நியாயமாக அந்தத் திட்டெல்லாம் எனக்கு வர வேண்டியது.

அதையும் அவனே வாங்கிக்கொள்கிறான்.